பரவாயில்ல என்று சொன்னேன்

பிப்ரவரி 9, ஞாயிறு

"டீச்சர், எங்க வீட்ல சித்தியோட மனஸ்தாபம். கோயில்ல உத்தம மனஸ்தாப மந்திரம். அப்போ உத்தம மனஸ்தாபம்னா ரொம்பப் பெரிய சண்டையா?"

முன்பல் விழுந்த ஒரு சிறுமி கேட்டது. முப்பது வருடத்துக்கு முன், கோயிலில் புதுநன்மை வகுப்பில் நான் நின்ற முதல் வருடம். முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு, குழந்தைகளைத் தயார் செய்யும் வகுப்பு அது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எடுத்துக்காட்டு இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. "மாலைன்னா சாயங்காலம். மாலைன்னா கழுத்துல போடறது. ஒரே சொல், பொருள் வேற. அதே மாதிரிதான். வீட்ல மனஸ்தாபம்னா மனசு கசந்து பேசாம இருக்கறது. கோயில்ல மனஸ்தாபம்னா செஞ்ச பாவத்துக்காக மனசு வருந்தறது. ரெண்டுக்கும் சம்பந்தமில்ல."

அவள் உட்கார்ந்துகொண்டாள். ஒப்புக்கொண்ட முகமாக இல்லை.

இன்று அதே மந்திரம், வேறு குழந்தைகள். கரும்பலகையில் "நான்" என்று பெரிதாக எழுதி ஒரு கோடு போட்டேன். வருடா வருடம் போடும் கோடுதான். பாவசங்கீர்த்தனத்தில் எல்லா வாக்கியத்துக்கும் எழுவாய் 'நான்' என்று சொல்லிக்கொடுத்தேன். "தம்பி என்னைக் கிள்ளினான்" என்றால் அது தம்பியின் பாவம். அவன் வந்து சொல்லிக்கொள்ளட்டும். "நான் தம்பியைத் திருப்பி அறைந்தேன்" – இதுதான் உன்னுடையது.

வீட்டுக்கு வந்தால் தங்கையின் போன். புதன்கிழமை வருகிறாளாம். "ஒரு விஷயம் பேசணும்க்கா" என்றாள். பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலும் ஒலிபெருக்கி அறிவிப்பும் அவள் வேலை. மார்ச் கடைசியில் ஓய்வு. அதற்குப் பிறகு மகன் வீட்டோடு போய்விடுவாள், ஒரு பகல் முழுக்கப் போகும் தூரம். போனில் அவள் குரல் அறிவிப்புக் குரலாக இருந்தது. ஏதோ பெரிய விஷயம்.

பிப்ரவரி 12, புதன்

வந்தாள். போய்விட்டாள்.

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

டீ போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை. "நான் சொல்லி முடிக்கற வரைக்கும் நடுவுல பேசாத. நீ டீச்சர், பேசுவ" என்றாள். சரி என்றேன்.

"அப்பா போறதுக்கு முந்தின மாசம், உன்ன வரச் சொன்னார்."

நான் என் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"'பெரியவள வரச் சொல்லு, நான் கோபத்த ரொம்ப நீட்டிட்டேன்'னார். சொல்றேன்னு தலையாட்டினேன். சொல்லல. தினம் கேட்டார், வர்றாளான்னு. கடைசில, 'லீவு கிடைக்கலையாம்ப்பா'ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் கேக்கல."

நான் கல்யாணம் செய்துகொண்டவர் நம் கோயில்காரர் இல்லை, வேறு மதம். "இந்த வாசல்படிய மிதிக்காத" என்று அப்பா சொன்னதுதான் நான் அவரிடம் கேட்ட கடைசி வார்த்தை. அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தார். சவப்பெட்டியில் வைத்த பிறகுதான் போய்ப் பார்த்தேன், கோயிலின் கடைசி வரிசையில் நின்று. மன்னிக்காமலே போனவரின் மகள் என்றுதான் இத்தனை காலமும் என்னை நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவரிடமும் அதையேதான் சொன்னேன்.

"சாமிகிட்ட அப்பவே பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். பாவப் பொறுத்தல் கொடுத்தார். அக்காகிட்டயும் சொல்லிடும்மான்னார். அத மட்டும் தள்ளிப் போட்டுட்டே வந்துட்டேன். ஏன்னா—"

"பரவாயில்ல" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. எவ்வளவு சுலபமாக வந்தது. கால் மிதித்த ஆளிடம் சொல்வது போல.

அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி, "இல்லக்கா, ஏன்னா—" என்று ஆரம்பித்தாள்.

"விடு. பழைய கதை. டீ ஆறிடப் போகுது."

ஒரே மடக்கில் குடித்தாள். என் கோப்பையையும் எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தாள். செருப்பு மாட்டும்போது, "கோபமா ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்" என்றாள். நான் சிரித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பரவாயில்லையா?

பிப்ரவரி 15, சனி

பரவாயில்லை என்றால் என்ன பொருள்? பரவா என்றால் கவலை. எனக்கு இதில் கவலை இல்லை, இது ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததை எப்படி மன்னிப்பது? கணக்கில் சுழியத்தால் வகுக்கச் சொன்னது போல.

லீவு கிடைக்கலையாம். எப்படி வாய் வந்துச்சு அவளுக்கு? நாள் முழுக்க மைக்ல ஊருக்கே சேதி சொல்றவ. எந்த பஸ் எங்க நிக்குது, எது லேட்டு, யாரோட குடை வெயிட்டிங் ரூம்ல கிடக்குது – முன்ன பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் ரெண்டு தரம் சொல்லுவா. எனக்கு வந்த ஒரே ஒரு சேதி. அதச் சொல்லல. அவர் என்ன நினைச்சிருப்பார்? நான் வரமாட்டேன்னுட்டேன்னுதானே. அப்படியே நினைச்சுக்கிட்டுத்தானே கண்ண மூடியிருப்பார்.

இத இனிமே யார்கிட்ட போய் திருத்தறது?

பிப்ரவரி 22, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

சனிக்கிழமைகளில் இரண்டு சாமியார்கள் உட்காருவார்கள். இளையவருக்கு நல்ல காது, அவர் முன்னால் மூன்று பேர். பெரியவருக்குக் காது மந்தம், அவர் முன்னால் கோயில் பாதி தூரத்துக்கு வரிசை. மனிதர்களின் குணம். நானும் பெரியவர் வரிசையில்தான் நின்றேன்.

"சாமி, என்னை ஆசீர்வதியுங்க, நான் பாவி" என்று தொடங்கினேன். தங்கையைச் சொன்னேன். அப்பா சொன்னதை, அவள் மறைத்ததை, லீவு என்ற பொய்யை. "சத்தமா சொல்லும்மா" என்றார். சத்தமாகவே சொன்னேன். பரவாயில்ல என்றதையும், அவள் 'ஏன்னா' என்று நிறுத்தியதையும்கூடச் சொன்னேன். முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

கம்பித் தடுப்பு வழியே, அவர் தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன்.

"இதெல்லாம் உன் தங்கச்சியோட பாவம். அவ எப்பவோ சொல்லி முடிச்சிருப்பா. நீ என்னம்மா செஞ்ச?"

"நான் ஒண்ணுமே செய்யல சாமி."

"ஆங். அதச் சொல்லு."

காது கேட்காமல் சொன்னாரா, கேட்டுத்தான் சொன்னாரா? எனக்குத் தெரியவில்லை. கோபமாக வந்தது. "அப்படி இல்ல சாமி, நான் எந்தத் தப்பும்—" என்று தொடங்கினேன்.

"யோசிச்சிட்டு வா. சனிக்கிழமை தோறும் இங்கதான் உக்காந்திருப்பேன். எங்கயும் போகமாட்டேன்."

முப்பது வருடமாகக் கரும்பலகையில் 'நான்' என்று எழுதிக் கோடு போடுகிறவள் நான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வகுப்பில் ஒரு பையன் ஒத்திகை பார்த்தான். "சாமி, அக்கா என் பென்சிலை உடைச்சிட்டா." எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். "டேய், அது அக்கா பாவம்டா" என்று முன்வரிசை திருத்தியது. என்னால் சிரிக்க முடியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஒண்ணுமே செய்யல. பத்து நாளாக அந்த வாக்கியம் பின்னாலேயே வருகிறது.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனது. அப்புறம் மூன்று வருடம் தங்கை வீட்டில் படுக்கை. தங்கை வீட்டுக்காரர் வெளியூர் வேலை. மகன் அப்போது பால்குடி மறந்த குழந்தை. அவளுக்கு ஷிப்டு வேலை. நான் இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டம்மா மூலம் பழம் கொடுத்தனுப்புவேன். ஆரஞ்சு. அவரால் மெல்ல முடியாது என்றுகூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

என்னை வாசல்படி மிதிக்காதே என்று சொல்லியிருந்தார். சரி. அந்த வார்த்தையை நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன்.

ஓர் எடுத்துக்காட்டு. சேட்டை செய்த பையனை ஆசிரியர் வெளியே நிற்கச் சொல்கிறார். அவன் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தபடி இருந்தால் அது தண்டனை. மைதானத்துக்குப் போய்ப் பந்து விளையாடிவிட்டு, மணி அடித்ததும் "டீச்சர்தான் வெளிய நிக்கச் சொன்னாங்க" என்றால் அது என்ன?

அப்பாவின் கோபம் எனக்கு விடுமுறை. அவள் அப்பாவிடம் சொன்னது பொய்தான். எனக்கு லீவு கிடைக்காமல் இல்லை. மூன்று வருடமும் லீவில்தான் இருந்தேன்.

இன்னொன்று. எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன். அந்த வருடங்களில் ஒருநாள் மதிய இடைவேளையில் அவள் என் பள்ளி வாசலுக்கு வந்து நின்றாள். கலைந்த தலை, சீருடைச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். "இருக்கார்" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். மணி அடித்தது. "கிளாசுக்குப் போகணும், அப்புறம் பேசலாம்" என்று உள்ளே போய்விட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

அன்றைக்கும் ஒரு வாக்கியத்தை முடிக்க விடவில்லை.

மார்ச் 8, சனி

சொன்னேன். எல்லா வாக்கியமும் 'நான்' என்று தொடங்கியது. சின்னதாக இருந்தது, அன்றைக்குத் தங்கையின் பாவத்துக்குத்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

பாவப் பொறுத்தல் கொடுத்தார். பரிகாரமாக ஏதாவது ஜெபம் சொல்வார் என்று காத்திருந்தேன். காது கேளாதவர் பேச்சு எப்போதும் சத்தம்தான். "ஜெபம் நீ எப்படியும் சொல்லுவ. உன் தங்கச்சிகிட்ட போ. ஏன்னான்னு கேளு" என்றார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

வெளியே வந்தால் வரிசையில் நின்ற பால் கடைக்காரர் பவ்யமாக, "டீச்சர், அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார்.

போகவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

"டூட்டில இருக்கேன்" என்று செய்தி வந்தது. அவ்வளவுதான்.

மார்ச் 19, புதன்

அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். பாதி மூட்டை கட்டிவிட்டாள். அப்பாவின் கட்டில் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறது, மேலே அட்டைப் பெட்டிகள். கட்டிலின் ஒரு பக்கத்துச் சட்டத்தில் மட்டும் வண்ணம் போயிருக்கிறது. கை ஊன்றி ஊன்றித் தூக்கிய பக்கம். அவள் கை.

மார்ச் 27, வியாழன்

இன்று பேருந்து நிலையத்துக்கே போய்விட்டேன்.

விசாரணை ஜன்னலை இத்தனை வருடத்தில் நான் நெருங்கிப் பார்த்ததில்லை. தடித்த கண்ணாடி. நடுவில் வட்டமாகச் சின்னச் சின்னத் துளைகள். பேசுகிறவர் குனிந்து துளைகளுக்கு நேராக வாயை வைத்துப் பேசவேண்டும். உள்ளே இருப்பவர் முகம் பாதி தெரியும், பாதி தெரியாது. கோயிலில் எனக்குப் பழக்கமான அமைப்புதான்.

வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அவள் தலை நிமிரவில்லை.

"எங்க போகணும்?"

"உங்கிட்டதான்."

நிமிர்ந்தாள். "அக்கா, வரிசைல ஆள் நிக்குது."

"நானும் வரிசைலதான் வந்தேன்."

"வீட்டுக்கு வரேன். இப்ப போ."

"நீ வரமாட்ட. அன்னிக்கு ஏன்னான்னு ஆரம்பிச்ச. நான் முடிக்க விடல. முடி."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் மைக்கை இழுத்து, அந்த வேறு குரலில், "பயணிகள் கவனத்திற்கு. இரண்டாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று இரண்டு தடவை சொன்னாள். பொத்தானை அணைத்தாள். அணைந்ததா என்று இன்னொரு தரம் அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"ஏன்னா, மூணு வருஷம் நான் தூக்கினேன். திருப்பிப் படுக்க வச்சேன், துடைச்சு விட்டேன், ஊட்டினேன். ஒரு நாள்கூட அவர் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'ஏய்'தான். கஞ்சி சூடா இருந்தா மூஞ்சில துப்புவார். கடைசில வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னார். அது உனக்கு."

எனக்குப் பின்னால் பை சுமந்து நின்றவர் எட்டிப் பார்த்தார். "அம்மா, மூணு மணி வண்டி போயிடுச்சா?"

"இல்ல. ஒன்பதாவது பிளாட்பாரம். தண்ணி பாட்டில வரிசைலயே விட்டுட்டுப் போறீங்க பாருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். என் பக்கம் திரும்பினாள். "நீ வந்து ஒரு மணி நேரம் உக்காந்து அழுதுட்டுப் போவ. அவர் சந்தோஷமாப் போவார். என்னை யாரு நினைப்பா? அதான். வேற ஒண்ணுமில்ல. கேவலமான காரணம்தான்."

நான் துளைகளுக்கு இன்னும் கிட்டே குனிந்தேன். கண்ணாடியில் நெற்றி பட்டது.

"நான் வரல. வராதன்னு அவர் சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. உன்னத் தனியா விட்டுட்டேன். ஸ்கூல் வாசலுக்கு வந்தப்பகூட நீ எப்படி இருக்கன்னு கேக்கல. என்ன மன்னிச்சிடு."

"பரவா—" என்றவள் நிறுத்திக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். "இல்ல. அப்படிச் சொல்ல மாட்டேன். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுக்கா."

"சரி. நானும் அன்னிக்குச் சொன்னதத் திருத்திக்கறேன். பரவாயில்லன்னு சொன்னேன். அது பொய். லீவு கிடைக்கலன்னு நீ சொன்னது ரொம்ப வலிக்குது. சாகற வரைக்கும் வலிக்கும். அதோடதான் உன்ன மன்னிக்கறேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வரிசையில் ஒருவர், "ஏங்க, பஸ்ஸு எதுன்னு கேக்க இவ்வளவு நேரமா?" என்றார். "பெரிய ஊருக்குப் போறாங்க போல" என்றார் இன்னொருவர்.

"நீ போக்கா" என்றாள். "எனக்கு உடனே வராது. நான் உன்ன மாதிரி டீச்சர் இல்ல, கேட்ட உடனே பதில் சொல்ல."

வந்துவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் குரல் தலைக்கு மேல் கேட்டது. என் வண்டி புறப்படும் நேரத்தைச் சொன்னாள். எல்லா வண்டிக்கும் சொல்வதுதான்.

மார்ச் 31, திங்கள்

இன்று அவளுக்குக் கடைசி நாள். போகவில்லை. கூப்பிடவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மகன் வந்து கூட்டிப்போய்விட்டான். வீட்டுச் சாவியை என் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போனாள். "கட்டில என்ன செய்யணுமோ செய்" என்றாள். அணைத்துக்கொள்ளவில்லை. கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். உள்ளங்கை இன்னும் காய்த்துத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

கல்லறைக்குப் போனேன். "எனக்கு யாரும் சொல்லல அப்பா" என்று சொல்லத்தான் போனேன். அங்கே நின்றபோது அந்த வாக்கியத்தின் எழுவாய் தப்பு என்று பட்டது. "நான் வந்திருக்கலாம்" என்று சொன்னேன். பதில் வருகிற இடம் இல்லை அது. புல் வளர்ந்திருந்தது. முடிந்த வரைக்கும் பிடுங்கிப் போட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

போன் இல்லை.

மே 4, ஞாயிறு

இந்த வருடப் பிள்ளைகள் முதல் பாவசங்கீர்த்தனத்தை நேற்று முடித்தார்கள். பென்சில் பையன் பெரியவர் வரிசையில்தான் நின்றான். வெளியே வந்து, "டீச்சர், 'நான்'னு ஆரம்பிச்சா சீக்கிரம் முடிஞ்சிடுது" என்றான்.

அந்த முன்பல் விழுந்த சிறுமி இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ. அவளுக்குத் தப்பான பதில் சொன்னேன். மாலையும் மாலையும் போல அல்ல அது. தாபம் என்றால் வெப்பம். மனம் வேகிறது, அவ்வளவுதான். அவள்மேல் என்று நினைக்கும்போது அது சண்டை. என்மேல் என்று தெரியும்போது அது மந்திரம். நெருப்பு ஒன்றுதான் கண்ணே. நீ கேட்டது சரியான கேள்வி.

மத்தியானம் போன் வந்தது. தங்கை.

"பேரன் நாள் முழுக்க என்னை அறிவிப்புச் சொல்லச் சொல்றான்க்கா. குளிக்கப் போறதுக்குக்கூட 'பயணிகள் கவனத்திற்கு'ன்னு சொல்லணுமாம்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

"இங்க ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. கிளாஸ்தான் முடிஞ்சிடுச்சே. வந்து பத்து நாள் இரு."

அப்புறம், கொஞ்சம் நிறுத்தி:

"லீவு கிடைக்கலன்னு மட்டும் சொல்லிடாத."

வரேன் என்றேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். காலை வண்டி. வேறு யாரோ ஒரு பெண்ணின் குரல்தான் இனி பேருந்து நிலையத்தில் அறிவிக்கும்.

பிள்ளைகளுக்கு விடுமுறை வீட்டுப்பாடம் ஒன்று எழுதி வகுப்புக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். அதையே இங்கும் எழுதி வைக்கிறேன், யார் கண்ணில் பட்டாலும் செய்து பார்க்கலாம்: அடுத்த முறை ஒருவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்டால், 'பரவாயில்ல' என்று சொல்ல வாயைத் திறக்காதீர்கள், அவர் சொல்லி முடிக்கட்டும்.